திருச்சி வானில் இரண்டரை மணி நேரம்

2024 அக்டோபர் 11, மாலை. திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில், கிளம்பிய சற்று நேரத்திலேயே ஹைட்ராலிக் கோளாறு தெரிந்தது. உள்ளே 140க்கும் மேற்பட்டோர். விமானம் மேலே செல்லவும் இல்லை, கீழே இறங்கவும் இல்லை. இருட்டிய பிறகும் வட்டமிட்டுக்கொண்டே இருந்தது. வளைகுடாவில் வேலை பார்ப்பவர் இல்லாத தெரு தஞ்சைப் பக்கம் குறைவு. எனவே அந்த மாலை எத்தனை வீடுகளைக் கலக்கியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆபத்து என்றால் உடனே இறங்குவதுதானே முறை? ஏன் சுற்ற வேண்டும்?

காரணம் எடை. அந்த ரகமான போயிங் 737-800 புறப்படும்போது அதிகபட்சம் 79 டன் இருக்கலாம். இறங்கும்போதோ 66 டன்னைத் தாண்டக்கூடாது. வித்தியாசம் 13 டன், அதாவது கொள்முதல் நிலையத்து 40 கிலோ நெல் சிப்பங்கள் 325! வழியில் எரிபொருள் செலவாகிவிடும் என்ற கணக்கில்தான் விமானம் இவ்வளவு பாரத்துடன் கிளம்புகிறது.

பாரம் குறையாமல் இறங்கினால் என்ன ஆகும்? இறக்கையின் தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எடை 20 சதவீதம் கூடினால், வேகத்தின் வர்க்கமும் 20 சதவீதம் கூடியாக வேண்டும். இனி இயக்க ஆற்றலைப் பாருங்கள்: ½mv². இரண்டும் கூடுவதால் ஆற்றல் 1.2 × 1.2 = 1.44 மடங்கு! அவ்வளவையும் சுமார் இரண்டரைக் கிலோமீட்டர் ஓடுபாதைக்குள் பிரேக்குகள் அடக்க வேண்டும். பிரேக்குக்கு அழுத்தம் தருவது எது? அதே ஹைட்ராலிக் எண்ணெய். நீங்கள் படித்த பாஸ்கல் விதி. அதில் பழுது எனும்போது விமானி பாரத்தைக் குறைக்க நினைப்பது இயல்பே. 747 போன்ற பெரிய விமானங்கள் வானிலேயே எரிபொருளைக் கொட்டிவிடும். 737க்கு அந்த வசதி கிடையாது. எரித்துத்தான் தீர்க்க வேண்டும். இரவு 8.15 மணியளவில் விமானம் பத்திரமாக இறங்கியது; ஒருவருக்கும் காயமில்லை.

இந்த நிறுவனத்தின் சரித்திரமே எடைக் கணக்கில்தான் தொடங்கியது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா, ஒற்றை எஞ்சின் 'புஸ் மாத்' விமானத்தில் கராச்சியிலிருந்து ஆமதாபாத் வழியாகப் பம்பாய்க்குக் கொண்டுவந்தது சுமார் 25 கிலோ தபால்! ஆமதாபாத்தில் அதற்குப் பெட்ரோல் வந்து சேர்ந்தது மாட்டு வண்டியில். பம்பாயிலிருந்து தபாலை பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சென்றவர் நெவில் வின்சென்ட். முதல் ஆண்டு முழுவதும் 1,60,000 மைல் பறந்து ஏற்றிய பிரயாணிகள் 155 பேர்தான். அன்றைக்குக் கடிதமே சரக்கு, மனிதர் கொசுறு.

1946இல் 'ஏர் இந்தியா' என்று பெயர் மாறியது. 1953இல் அரசுடைமையானது. குறைந்த கட்டணக் கிளையான எக்ஸ்பிரஸ் 2005இல் பிறந்தது. 2022 ஜனவரியில் எல்லாம் மீண்டும் டாட்டா குழுமத்துக்கே வந்தன. கையேறிய கதை எப்படியோ, ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் முன் பிரயாணிகள், பெட்டிகள், எரிபொருள் ஆகியவற்றின் எடையைக் கூட்டி, எந்தப் பாரம் எந்த இடத்தில் என்று எழுதிய தாள் விமானியின் கைக்குப் போயாக வேண்டும். வளைகுடா செல்லும் மாமா பெட்டியை வீட்டுத் தராசில் தூக்கித் தூக்கிப் பார்த்து, ஊறுகாய் பாட்டிலை வெளியே எடுத்து வைப்பதும் அந்தத் தாளுக்காகத்தான்.