குளிரில் நின்றுபோகும் எஞ்சின்

மேற்கு வங்கத்தின் உத்தர்பாடாவில் 1958 முதல் 2014 வரை தயாரிக்கப்பட்டது அம்பாசிடர் கார். அதன் பழைய வண்டிகளை இன்றும் பேணிக் காப்போர் பலர் உளர். மார்கழி, தை மாதக் காலைகளில், சண்டிகர், டேராடூன் போன்ற குளிர்மிகு நகரங்களில், அவர்களை ஒரு குறை வாட்டுகிறது. வண்டி கிளம்புகிறது; சில நொடிகள் உறுமுகிறது; தெருமுனையை அடையுமுன் நின்றுவிடுகிறது. பின்னால் பேருந்து வரும் வேளையில் நாற்சந்தியில் நின்றால் அது சிறிய குறையன்று.

பெட்ரோல் ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் நன்கு எரியும். எடையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று தேவை. குளிர்ந்த எஞ்சினிலோ, கார்புரேட்டர் தெளிக்கும் பெட்ரோலில் ஒரு பகுதி குழாய்ச் சுவரில் துளிகளாகப் படிந்துவிடுகிறது. சைலிண்டரை அடையும் கலவையில் பெட்ரோல் குறைகிறது. இதனை ஈடுசெய்யவே சோக் அமைந்துள்ளது. எஸ்.யூ. வகைக் கார்புரேட்டரில் சோக் குமிழை இழுத்தால் ஜெட் கீழிறங்கும். பெட்ரோல் மிகுதியாகப் பாயும். சோக் கம்பி தளர்ந்திருப்பின், குமிழை எவ்வளவு இழுத்தாலும் ஜெட் அசையாது.

இக்குறையைக் கண்டறிவதில் ஒரு வேடிக்கை உண்டு. பட்டறைக்குச் செல்லும் வழியிலேயே எஞ்சின் சூடேறிவிடும். அங்கே அது சீராக ஓடும். மருத்துவரைக் கண்டதும் காய்ச்சல் இறங்கிய நோயாளியைப் போல! பழுதைக் கண்ணால் காணாத மெக்கானிக் ஊகித்துப் பிளக்கை மாற்றுவார். அடுத்த முறை பேட்டரியை மாற்றுவார். பணம் கரையும், குறை தீராது. சூடான எஞ்சினின் ஓட்டத்தை மட்டும் பார்த்துக் கார்புரேட்டரைத் திருகிவைத்தால், மறுநாள் காலை நிலைமை இன்னும் மோசமாகலாம். எனவே வண்டியை முதல் நாள் மாலையே பட்டறையில் விட்டுவிட்டு, மறுநாள் அதனை முதன்முறை கிளப்பும்போது உடனிருந்து நோக்குவதே தக்க முறை.

சோக்கை இழுத்திருக்கும்வரை ஓடி, உள்ளே தள்ளியதும் நின்றால், கலவையில் பெட்ரோல் போதவில்லை என அறியலாம். நாம்தான் அவசரப்பட்டு விரைவில் தள்ளிவிடுகிறோமா என்பதை முதலில் பார்த்தல் நன்று. இது செலவில்லாத மருந்து. அதன்பின் கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள கேஸ்கெட்டுகளில் காற்றுக் கசிவு உள்ளதா எனத் தேட வேண்டும். உலோகம் குளிர்ந்து சுருங்கியிருக்கையில் காற்று புகும் இடைவெளி, சூட்டில் விரிந்ததும் அடைபடக்கூடும். ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதருகே வைத்து, மறுமுனையை இணைப்புகளின் ஓரமாக நகர்த்தினால் சீறும் ஒலி இடத்தைக் காட்டிக்கொடுக்கும். பெட்ரோலைத் தெளித்துக் கசிவைத் தேடுவோரும் உளர்; அது தீயை விருந்துக்கு அழைப்பதாகும்.

கரும்புகை எழுந்து, பிளக் கரிபடிந்து நனைந்திருந்தால் பெட்ரோல் மிகுந்துவிட்டது என்பது பொருள். ஆக்சிலேட்டரை அழுத்தும்போது மட்டும் திணறினால், எஸ்.யூ. கார்புரேட்டரின் மேற்குழலில் எண்ணெய் வற்றியுள்ளதா எனப் பார்க்கலாம்.

சோக் இழுத்த நிலையில் வெளிவரும் புகையில் கார்பன் மோனாக்சைடு மிகுதி. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அடைத்த கொட்டகையில் அது உயிரைக் குடித்துவிடும். ஆதலின் வண்டியைத் திறந்த வெளிக்குத் தள்ளிய பின்னரே சாவியைத் திருப்ப வேண்டும்.