பூட்டினீர்கள் சரி... திறக்குமா?

வீட்டைப் பூட்டி, மூன்று தடவை இழுத்துப் பார்த்து, பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்து நாலாவது தடவையும் இழுத்துப் பார்க்கிற ஆசாமியா நீங்கள்? இந்தக் கதை உங்களுக்குத்தான்.

ஐரோப்பாவில் ஒரு புண்ணியவான். 2013-ல் அவரிடம் 43.6 பிட்காயின் இருந்தது. பிட்காயின் சட்டைப் பையில் வைக்கிற காசு இல்லை. கணக்கு உலகம் பூரா உள்ள கம்ப்யூட்டர்களில் பொதுவாக இருக்கும். செலவழிக்கிற ரகசியச் சாவி மட்டும் 'வாலட்' என்ற சின்ன ஃபைலுக்குள். அது போச்சு என்றால் பணமும் போச்சு. பாங்க் மேனேஜரிடம் போய் அழலாம் என்றால், மேனேஜரே கிடையாது!

நம்ம ஆள் மகா உஷார். ரோபோஃபார்ம் என்ற சாஃப்ட்வேரில் 20 எழுத்து பாஸ்வேர்டு தயாரித்து வாலட்டைப் பூட்டினார். அந்த பாஸ்வேர்டை ட்ரூகிரிப்ட் என்ற ரகசியப் பெட்டகத்துக்குள் வைத்து, அதையும் பூட்டினார். திருடன் வரவில்லை. பெட்டக ஃபைல் தானாகக் கெட்டுப் போனது. காப்பி? 'அதான் பூட்டியாச்சே!'

வருஷங்கள் ஓடின. பிட்காயின் விலை ஏற ஏற மனிதருக்கு வயிற்றெரிச்சல். கடைசியில் அமெரிக்க நிபுணர் ஜோ கிராண்டும் ஜெர்மனியில் இருந்த அவர் நண்பரும் களத்தில் இறங்கினார்கள். பழைய ரோபோஃபார்ம், கம்ப்யூட்டர் கடிகாரத்தைப் பார்த்தே பாஸ்வேர்டு தயாரிக்கும் என்பது தெரிய வந்தது. கடிகாரத்தை 2013-க்குத் திருப்பி, அந்த நாட்களில் பிறந்திருக்கக்கூடிய பாஸ்வேர்டுகளை எல்லாம் போட்டுப் பார்த்தார்கள். 2023 நவம்பரில் சிக்கியது. அது பிறந்த நேரம், 2013 மே 15, கிரீன்விச் நேரப்படி மாலை 4 மணி 10 நிமிஷம் 40 செகண்ட். ஜாதகமே கணிக்கலாம்!

பூட்டு மட்டமானதாக இருந்ததால் பிழைத்தார். அந்த ஓட்டையை 2015-லேயே அடைத்துவிட்டார்கள். உங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைக்காது.

ட்ரூகிரிப்ட் 2014-ல் நின்றுவிட்டது. அதன் வாரிசு வெராகிரிப்ட் இலவசம். பெட்டகம் வெறும் ஃபைல் மாதிரி கிடக்கும். பாஸ்வேர்டு கொடுத்தால் தனி டிரைவாகத் திறக்கும். வாலட்டை முதலிலிருந்தே அதற்குள் உருவாக்குங்கள். வெளியே வைத்து அழித்தால் தடயம் மிஞ்சலாம். வேலை முடிந்ததும் மூடுங்கள். திறந்திருக்கும்போது வைரஸுக்கும் உள்ளே அனுமதி இலவசம். பெட்டகத்துக்கு இரண்டு காப்பி, ஒன்று வீட்டுக்கு வெளியே. பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி வேறோர் இடத்தில் வையுங்கள். எங்கே என்று வீட்டில் நம்பகமான ஒருவருக்குச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. பணத்தைப் போடுவதற்கு முன், அந்தக் காப்பியை வேறொரு கம்ப்யூட்டரில் ஒரு தடவை திறந்து பாருங்கள். பூட்டை நாலு தடவை இழுத்துப் பார்க்கிறோமே, சார்... ஒரு தடவையாவது திறந்து பார்க்க வேண்டாமா?