கலைப் பட்டதாரிகளும் காப்பீட்டுத் துறையும்



சங்கரன்கோவில் பகுதியில், சிவகிரிக்கு அருகே, மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்திருப்பது ராயகிரி. அவ்வூர் இளைஞர் ஒருவர் சில நாட்களுக்கு முன் என்னைக் காண வந்தார். தமிழ் இலக்கியத்தில் பட்டம் பெற்றவர். “அண்ணாச்சி, தமிழ் படித்தவனுக்கு ஆசிரியர் வேலையை விட்டால் வேறு என்ன வழி இருக்கிறது?” என்று கேட்டார். காப்பீட்டுத் துறை இருக்கிறது என்றேன். “அது கணக்குப் படித்தவர்களின் இடம் அல்லவா?” என்று அவர் ஐயுற்றார். அந்த ஐயம் உங்களில் பலருக்கும் இருக்கக்கூடும். பல ஆண்டுகள் அத்துறையில் பணியாற்றியவன் என்ற முறையில் அதற்கு விடை கூற முயல்கிறேன்.

காப்பீடு என்பது யாது? ஓர் ஊரில் ஆயிரம் வீடுகள் உள்ளன என்று கொள்வோம். ஒவ்வொன்றின் மதிப்பும் ஒரு லட்சம் ரூபாய். ஆண்டுதோறும் சராசரியாக இரண்டு வீடுகள் தீக்கு இரையாகின்றன. ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஆண்டுக்கு 200 ரூபாய் கொடுத்தால் இரண்டு லட்சம் ரூபாய் சேர்ந்துவிடும். வீடிழந்த இருவரும் மீண்டும் வீடு கட்டிக்கொள்வார்கள். ஒருவர் தாங்க முடியாத சுமையைப் பலர் பகிர்ந்து சுமப்பதே காப்பீட்டின் தத்துவம்.

எத்தனை வீடுகள் எரியும் என்று கணிப்பதற்குக் கணித வல்லுநர் வேண்டும். அவரை ஆக்சுவரி என்பர். ஆனால் எரிந்த வீடு எது, எவ்வாறு எரிந்தது, அந்த இழப்பு ஒப்பந்தத்தின் சொற்களுக்குள் அடங்குமா என்று ஆராய்வதற்குக் கணக்கு மட்டும் போதாது. பாலிசி என்பது ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தம் என்பது சொற்களால் ஆனது. ஒரு சொல்லுக்கு உரிய பொருளைக் கூட்டாமலும் குறைக்காமலும் காண்பதற்கே நீங்கள் வகுப்பறையில் பழகுகிறீர்கள்.

நான் இளம் எழுத்தராக இருந்தபோது நடந்த ஒன்றைக் கூறுகிறேன். கணவரை இழந்த அம்மையார் ஒருவர், பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த பாலிசிப் பத்திரத்துடன் வந்தார். ஆண்டுப் பிரீமியம் கட்ட வேண்டிய நாள் கடந்து பத்தொன்பதாம் நாளில் கணவர் இறந்துவிட்டார். “தவணை கட்டவில்லை, இனி ஒரு காசும் வராது” என்று உறவினர் சொன்னதை நம்பி, அவர் எட்டு மாதங்கள் வாளாவிருந்தார். நான் நிபந்தனைகளைப் படித்தேன். பிரீமியம் செலுத்த, முப்பது நாட்களுக்குக் குறையாத ஒரு மாதம் சலுகைக் காலமாக அளிக்கப்பட்டிருந்தது. அதற்குள் மரணம் நேர்ந்தால் பாலிசி உயிருடன் இருப்பதாகவே கொள்ளப்படும்; செலுத்தாத பிரீமியத்தை மட்டும் கழித்துக்கொண்டு தொகை வழங்கப்படும். அவ்வாறே வழங்கப்பட்டது. அப்பத்திரத்தை ஊரில் ஒருவர் ஊன்றிப் படித்திருந்தால், அந்தக் குடும்பம் எட்டு மாதம் கடன் வாங்கி வாழ்ந்திருக்க வேண்டியதில்லை.

இத்துறையின் வரலாற்றையும் சிறிது அறிந்துகொள்வது நலம். 1956-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், 245 தனியார் நிறுவனங்களின் ஆயுள் காப்பீட்டுப் பணி ஒன்றாக்கப்பட்டு, இந்திய ஆயுள் காப்பீட்டுக் கழகம் தோன்றியது. சென்னை அண்ணா சாலையில் 1959-இல் திறக்கப்பட்ட அதன் பதினான்கு மாடிக் கட்டடத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தீ, கடல், வாகனம் போன்ற பொதுக் காப்பீட்டுத் துறையில் இருந்த 107 நிறுவனங்கள், 1973-இல் நான்கு அரசுக் கம்பெனிகளாக இணைக்கப்பட்டன. அவற்றுள் யுனைடெட் இந்தியாவின் தலைமையகம் சென்னையில் உள்ளது. 1999-இல் இயற்றப்பட்ட சட்டத்திற்குப் பின் தனியார் நிறுவனங்களும் மீண்டும் நுழைந்தன.

இந்நிறுவனங்களில் கலைப் பட்டதாரிகள் எவ்வாறு சேர்வது? ஆயுள் காப்பீட்டுக் கழகமும் அரசுப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் அவ்வப்போது நடத்தும் அதிகாரித் தேர்வுகளில் பொதுப்பிரிவு ஒன்று உண்டு. எப்பாடத்தில் பட்டம் பெற்றவரும் அதை எழுதலாம். பொதுவாக 21 முதல் 30 வயதுக்கு உட்பட்டிருத்தல் வேண்டும். பகுத்தாராயும் திறன், எண்கணிதம், ஆங்கிலம், பொது அறிவு ஆகியவை சோதிக்கப்படும். ஆங்கிலத்தில் கட்டுரையும் கடிதமும் எழுத வேண்டியிருக்கும். எண்கணிதம் பள்ளியளவினதே, அஞ்ச வேண்டுவதில்லை. பணியில் சேர்ந்தபின், மும்பையில் 1955-இல் நிறுவப்பட்ட இந்தியக் காப்பீட்டுப் பயிலகத்தின் தேர்வுகளை எழுதி முன்னேறலாம். முகவராகத் தொடங்குவதும் ஒரு வழி. அதற்குத் தனித் தேர்வு உண்டு.

எழுத்தாற்றல் இத்துறையில் எவ்வளவு பயன்படும் என்பதற்கு ஓர் உலகச் சான்று கூறுவேன். புகழ்பெற்ற எழுத்தாளர் பிரான்ஸ் காஃப்கா, சட்டப் பட்டம் பெற்றபின், 1908 முதல் 1922 வரை பிராகா நகரில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் பணிபுரிந்தார். மரம் இழைக்கும் இயந்திரங்களில் தொழிலாளர் விரல்களை இழப்பது குறித்து அவர் ஓர் அறிக்கை எழுதினார். சதுரத் தண்டுக்குப் பதில் உருளைத் தண்டைப் பொருத்தினால் இவ்விபத்துகளைக் குறைக்கலாம் என்று படங்களுடன் விளக்கினார். கதை எழுதிய கைதான் அந்த அறிக்கையையும் எழுதியது.

மீண்டும் ராயகிரிக்கு வருவோம். அங்கு உழவர் பலர். 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரியின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், சம்பா போன்ற குளிர்காலப் பருவ உணவுப் பயிருக்கு உழவர் செலுத்தும் பங்கு, காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு ஒன்றரைக்கு மிகாது. பருத்தி போன்ற பணப்பயிருக்கு ஐந்துக்கு மிகாது. எஞ்சியதை அரசுகள் ஏற்கின்றன. ஆயினும் மனக்குறைகள் எழுகின்றன. காரணம் யாது? பரவலான விளைச்சல் இழப்பு தனி வயலை வைத்து அன்று, குறித்த பகுதியின் சராசரி விளைச்சலை வைத்தே கணக்கிடப்படுகிறது. வெள்ளம் தேங்குதல் போன்ற தனி இழப்பையோ 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இவ்விரண்டையும் பணம் கட்டும் நாளிலேயே நல்ல தமிழில் எடுத்துச் சொல்வார் இருந்தால், எத்தனை ஏமாற்றங்கள் தவிர்க்கப்படும்!

ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். கமிஷன் ஒன்றையே கருதி, உறவினர் தலையில் பாலிசியைக் கட்டிவிட்டு மறைவோரும் உண்டு. நோய் பற்றிய கேள்விக்கு, கேளாமலே ‘இல்லை’ என்று விண்ணப்பத்தில் நிரப்புவோரும் உண்டு. இன்றுள்ள சட்டப்படி மூன்று ஆண்டுகள் கடந்த ஆயுள் பாலிசியை எக்காரணத்தாலும் மறுக்க இயலாது. ஆனால் அதற்குள் மரணம் நேர்ந்தால், அந்த ஒரு பொய்ச் சொல் ஒரு குடும்பத்தின் சோற்றைப் பறித்துவிடக்கூடும். ஆகவே கேட்டு எழுதுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டிக் கையொப்பம் பெறுங்கள்.

அந்த இளைஞரிடம் என் பழைய பாலிசி ஒன்றைக் கொடுத்து, அதன் நிபந்தனைகளை அவர் தாயாருக்குப் புரியும்படி தமிழில் எழுதி வரச் சொன்னேன். ஒரு வாரத்தில் நான்கு பக்கம் எழுதி வந்தார். இரண்டிடங்களில் திருத்தினேன், மற்றவை செம்மையாக இருந்தன. இப்போது தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். உங்கள் வீட்டிலும் ஒரு பாலிசி இருக்கக்கூடும். இன்று மாலை அதை எடுத்து, முதல் வரி தொடங்கி இறுதி வரி வரை படித்துப் பாருங்கள். அப்படிப்பு உங்களுக்குப் பிடித்திருந்தால், இத்துறை உங்களுக்கு ஏற்றதே.