காற்றுப் பட்டதா, நரம்பு தளர்ந்ததா?

சுபுஹுத் தொழுகைக்கு உளூச் செய்கையில், வாய் கொப்பளிக்கும் நீர் ஒரு கடைவாயில் தானே வழிகிறது. ஒரு கண் மூட மறுக்கிறது. "காற்றுப் பட்டுவிட்டது" என்பார்கள் வீட்டார். தாயத்துக்கு ஆள் ஓடும்.

வாசகர்களே, இது முகவாதம். அரபியில் 'லக்வா'. மருத்துவ மேதை அர்ராஸீ அவர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தம் 'அல்ஹாவீ'யில் இதனை விவரித்துவிட்டார்கள். பெயரோ பின்னால் வந்த ஸ்காட்லாந்துக்காரர் பெல் என்பவருக்குப் போயிற்று!

அரிய நோயன்று. ஆண்டுதோறும் இலட்சம் பேரில் 20 முதல் 30 பேருக்கு வருகிறது. 2011 கணக்கெடுப்பில் அம்பத்தூர், ஆவடி மக்கள் சேர்ந்து ஏறத்தாழ 8 இலட்சம். இவ்விகிதப்படி இவ்விரு ஊர்களில் மட்டும் ஆண்டுக்கு 160 முதல் 240 பேர். ஆண், பெண் வேறுபாடில்லை. 15 முதல் 45 வயதினரிடம் மிகுதி. நீரிழிவுக்காரர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள், பிள்ளை பெற்ற முதல் வாரத்துத் தாய்மார்கள் ஆகியோருக்கு வாய்ப்புக் கூடுதல்.

நெற்றியைச் சுருக்கச் சொல்லுங்கள். கோணிய பக்கத்து நெற்றியும் அசையாவிட்டால் பெரும்பாலும் முகநரம்புத் தளர்ச்சியே. நெற்றி சுருங்கினாலோ, கைகால் தளர்ந்தாலோ பக்கவாதமாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். முகவாதமாயினும் அன்றே மருத்துவரைக் காணுங்கள். ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதே பயன் தரும். நீரிழிவு இருப்பின் மறவாமல் சொல்லுங்கள்.

பத்தில் ஏழு பேர் மருந்தின்றியே முழுமையாகத் தேறுகின்றனர். அதுவரை மூடாத கண் காய்ந்துபோகாதபடி பகலில் சொட்டு மருந்தும், உறங்குகையில் இமையை மூடி ஒட்டுதலும் தேவை.