இன்னும் எத்தனை நாள்?

டிசம்பர் மாதம் வந்தால், சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஒரு கேள்வி திரும்பத் திரும்பக் கேட்கும்: "கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கு?" ஒரு பிள்ளை ஒரு நாளைக்கு நாலு தடவை கேட்கும். எங்கள் வீட்டில் நான்கு பிள்ளைகள். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்!

எங்கள் வீடு யாங்கோன் நகரத்தில், தின்கன்ஜூனில் இருக்கிறது. யாங்கோனின் பழைய பெயர் ரங்கூன். பர்மிய மொழியில் 'தின்கன்' என்றால் புத்த பிக்குகள் உடுத்தும் காவி ஆடை. 'ஜூன்' என்றால் தீவு. பெயரில் தீவு இருந்தாலும் இப்போது இங்கே வீடுகள், கடைகள், பஸ்கள், பெரிய சந்தைதான்.

மியன்மாரில் பெரும்பாலானவர்கள் புத்த மதத்தினர். 2014-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி, நூறு பேரில் சுமார் 6 பேர் கிறிஸ்தவர்கள். ஆனாலும் டிசம்பர் 25 நாடு முழுவதும் விடுமுறை. அந்த ஒரு நாள்தான் விடுமுறை. அதற்கு முன்னால் பள்ளிக்கூடம் உண்டு. அதனால் கிறிஸ்துமஸ் வேலை எல்லாம் சாயங்காலத்திலும் சனி, ஞாயிறிலும்தான் நடக்கும்.

அந்த வேலைகளை எப்படிப் பங்கு போடுகிறோம், எதை முதலில் செய்கிறோம், ஏன் அப்படிச் செய்கிறோம் என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

நாளை எண்ணுவது எப்படி?

கிறிஸ்துமஸுக்கு முன்னால் வரும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்து 'திருவருகைக் காலம்' என்று சொல்வார்கள். வருகைக்காகக் காத்திருக்கும் காலம் என்று பொருள்.

அது எந்த நாளில் தொடங்கும்? காலண்டரை எடுங்கள். டிசம்பர் 25-க்கு முன்னால் உள்ள ஞாயிறுகளைப் பின்பக்கமாக எண்ணுங்கள். நான்காவது ஞாயிறுதான் தொடக்கம். 2025-இல் கிறிஸ்துமஸ் வியாழக்கிழமை வந்தது. அதற்கு முன்னால் வந்த ஞாயிறுகள் டிசம்பர் 21, 14, 7, நவம்பர் 30. ஆகவே நவம்பர் 30-இல் தொடங்கியது.

"இன்னும் எத்தனை நாள்?" என்ற கேள்வி உங்களுக்கு மட்டும் வருவது இல்லை. ஜெர்மனி நாட்டில் ஹாம்பர்க் என்ற ஊரில் யோஹான் ஹின்ரிஷ் விஹெர்ன் என்பவர் 1833-இல் ஏழைப் பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கினார். அங்கே இருந்த பிள்ளைகளும் தினமும் இதையே கேட்டார்களாம். 1839-இல் அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்தார். அதன்மேல் 4 பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளையும், 20 சின்னச் சிவப்பு மெழுகுவர்த்திகளையும் வைத்தார். ஞாயிற்றுக்கிழமைக்குப் பெரியது, மற்ற நாளுக்குச் சின்னது. ஒரு நாளைக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். ஏற்றாதவற்றை எண்ணினால் மீதி நாள் தெரிந்துவிடும். பிள்ளைகள் யாரையும் கேட்கத் தேவையில்லை!

எங்கள் வீட்டில் வண்டிச் சக்கரம் இல்லை. அதனால் ஒரு கயிறு கட்டி, துணி கிளிப்பால் 24 காகிதத் துண்டுகளை மாட்டுவோம். ஒவ்வொன்றிலும் ஒரு வேலை எழுதியிருக்கும். 'டப்பா கழுவு.' 'உளுந்தைக் கல் பார்த்துப் பொறுக்கு.' 'நட்சத்திரத்துக்குக் காகிதம் வெட்டு.' தினமும் ஒரு துண்டை எடுக்க வேண்டும். யார் எடுப்பது? அங்கேதான் சண்டை வரும். 24-ஐ 4-ஆல் வகுத்தால் 6. ஆளுக்கு 6 நாள், முறை வைத்து எடுக்கலாம். 'நான்தான் முதல்ல' என்ற சத்தம் அதோடு குறைந்துவிட்டது.

யாருக்கு என்ன வேலை?

பிள்ளைகளின் வயது 11, 9, 6, 3. எல்லோருக்கும் வேலை உண்டு. ஆனால் வயதைப் பார்த்துத்தான் வேலை கொடுக்க வேண்டும்.

பெரியவன் முறுக்குப் பிழிவான். அதற்குக் கையில் பலம் வேண்டும். அடுத்தவள் மாவு சலிப்பாள், பிசைவாள். மூன்றாமவன் கல்கல் உருட்டுவான். சின்ன மாவு உருண்டையை முள்கரண்டியின் முதுகில் வைத்து அழுத்திச் சுருட்டினால், வரி வரியாகச் சிப்பி மாதிரி வரும். அதுதான் கல்கல். அது ஆறு வயதுப் பிள்ளை செய்யக்கூடிய வேலை. அடுப்புக்கும் தூரம்.

கடைசிக் குட்டிக்கு மூன்று வயது. கன்னத்தில் தனகா பூசிக்கொண்டு, அதன்மேல் மாவையும் பூசிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் வேலை எண்ணுவது. "ஒண்ணு, ரெண்டு, மூணு, ஆறு..." நாலும் அஞ்சும் எங்கே போச்சு என்று யாரும் கேட்க மாட்டோம்.

எண்ணெய்ச் சட்டிப் பக்கம் பிள்ளைகள் யாருக்கும் அனுமதி இல்லை. தரையில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டிருக்கிறோம். கோட்டைத் தாண்டி வரக் கூடாது.

எதை முதலில் செய்ய வேண்டும்?

பர்மிய மொழியில் பலகாரம் எதுவானாலும் 'மொன்' என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடலாம். தமிழிலோ ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் கேட்கிறோம். அவற்றைச் செய்வதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. ஈரம் குறைவாக இருக்கும் பலகாரம் அதிக நாள் கெடாமல் இருக்கும். அதனால் அதை முதலில் செய்யலாம். ஈரம் அதிகமானது கடைசியில்.

முதலில் முறுக்கு. 4 பங்கு அரிசி மாவுக்கு 1 பங்கு வறுத்து அரைத்த உளுந்து மாவு. எண்ணெயில் வேகும்போது 'சொய்' என்று சத்தம் வரும், குமிழி வரும். மாவில் உள்ள தண்ணீர் ஆவியாகி வெளியே போகிறது. சத்தமும் குமிழியும் அடங்கினால், தண்ணீர் போய்விட்டது, முறுக்கு வெந்துவிட்டது என்று அர்த்தம். ஆறவைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் பல நாள் மொறுமொறுப்பாக இருக்கும்.

அடுத்து கல்கல். அதன் பிறகு அச்சு முறுக்கு. அச்சு முறுக்குக்குப் பூ மாதிரி ஓர் இரும்பு அச்சு இருக்கும். அதை முதலில் எண்ணெயில் நன்றாகச் சூடாக்க வேண்டும். சூடான அச்சை மாவில் தோய்த்தால் மாவு அச்சில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் முக்கால் பாகம்தான் தோய்க்க வேண்டும். முழுவதும் முக்கினால் மாவு மேலேயும் மூடிக்கொள்ளும். அச்சிலிருந்து கழன்று வராது.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருக்கும்போது அதிரச மாவு. சந்தையில் பனைவெல்லம் எளிதாகக் கிடைக்கும். இங்கே அதன் பெயர் 'தன்யெத்'. மியன்மாரின் மழை குறைந்த நடுப்பகுதியில், பகான் பக்கம், நிறையப் பனைமரங்கள் உண்டு. நம் கருப்பட்டிக்கு இது சொந்தக்காரன்தான்.

கடைசியாகக் கேக். எங்கள் பகுதியில் மின்சாரம் நாள் முழுவதும் இருக்காது. பாதி வேகும்போது மின்சாரம் போனால் கேக் அமுங்கிவிடும். அதனால் மின்சார அவனை நம்பாமல் கரி அடுப்பில் செய்கிறோம். பர்மியர்கள் ரவையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து 'சனுவின் மக்கின்' என்ற இனிப்பைச் செய்வார்கள். பாத்திரத்தின் கீழே நெருப்பு இருக்கும். மூடியின் மேலேயும் கரித் தணல் இருக்கும். இரண்டு பக்கமும் சூடு பட்டு, மேலே அழகாகச் சிவந்து வரும். அதே முறையில்தான் எங்கள் கேக்கும் வேகிறது. பக்கத்து வீட்டு அம்மாவிடம் கற்றுக்கொண்டோம்.

நட்சத்திரம்

நட்சத்திரம் அப்பாவின் வேலை. 5 மூங்கில் குச்சிகளை வைத்து ஒரு நட்சத்திரம் கட்டுவார். இன்னும் 5 குச்சிகளில் அதே அளவில் இன்னொன்று. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, 5 முனைகளையும் கட்டுவார். பிறகு உள்ளே குச்சிகள் குறுக்கே சந்திக்கும் 5 இடங்களில் சின்னக் குச்சிகளை நிறுத்துவார். நடுப்பகுதி உப்பிக்கொண்டு வரும். மொத்தம் 15 குச்சிகள். மேலே வண்ணக் காகிதம் ஒட்டி, உள்ளே பேட்டரி விளக்கு வைத்தால், தெருவே இருட்டாக இருந்தாலும் எங்கள் நட்சத்திரம் எரியும்.

எழுதி வைக்க முடியாதது

இத்தனை பலகாரமும் எங்கள் வீட்டுக்கு அப்பத்தாவிடமிருந்துதான் வந்தது. அப்பத்தா என்றால் அப்பாவின் அம்மா. எனக்கு மாமியார். அவங்க எதையும் எழுதி வைத்தது இல்லை. ஒரு பழைய டம்ளர்தான் அளவு. மற்றதெல்லாம் கைப்பக்குவம்.

சில வருஷமாக அவங்க கை நடுங்குகிறது. முறுக்கு அச்சைப் பிடித்து அழுத்த முடியவில்லை. "இந்த வருஷம் கடையில வாங்கிடலாமே" என்று ஒரு நாள் அவங்களே சொன்னாங்க. வீட்டில் யாரும் பேசவில்லை. அப்புறம் பெரியவன்தான் சொன்னான்: "நீங்க சொல்லுங்க அப்பத்தா, நாங்க செய்றோம்."

நான் கம்ப்யூட்டர் மென்பொருள் எழுதுகிற ஆள். எதையும் அளந்து, வரிசையாக எழுதி வைப்பதுதான் என் வேலை. அந்த டம்ளரில் எவ்வளவு பிடிக்கும் என்று அளந்து எழுதினேன். மாவு, உப்பு, எள் எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதினேன். ஆனால் அதிரசப் பாகில் வந்து நின்றுவிட்டேன்.

வெல்லப் பாகு இளசாக இருந்தால் அதிரசம் எண்ணெயில் உதிர்ந்துவிடும். முற்றினால் கல் மாதிரி ஆகிவிடும். சரியான பதம் எத்தனை நிமிஷத்தில் வரும்? வெல்லத்துக்கு வெல்லம், நெருப்புக்கு நெருப்பு அது மாறும். அப்பத்தா ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, ஒரு சொட்டுப் பாகை அதில் விடுவாங்க. பாகு ஆறியதும் விரலால் உருட்டுவாங்க.

அன்றைக்கு ஒன்பது வயதுக்காரியைக் கூப்பிட்டாங்க. "விரலை வை கண்ணு. உருளுதா?"

"இல்ல அப்பத்தா, கரையுது."

"அப்ப இன்னும் கொஞ்சம் பொறு."

மறுபடியும் ஒரு சொட்டு. "இப்ப?"

"உருளுது! மெத்துனு இருக்கு!"

"அதான் பதம். உடனே இறக்கச் சொல்லு. விரல் மறக்காம வச்சுக்கும், பாரு."

நான் என் நோட்டில் 'மெத்தென்று உருள வேண்டும்' என்று எழுதினேன். ஆனால் எத்தனை தடவை படித்தாலும் அந்த மெத்து எப்படி இருக்கும் என்று நோட்டுக்குத் தெரியாது. இப்போது வீட்டில் இரண்டு பேருக்குத் தெரியும்.

இன்னொன்றும் கவனித்தேன். பள்ளியில் பிள்ளைகள் நாள் முழுவதும் பர்மியமொழி பேசுகிறார்கள். வீட்டுக்கு வந்தும் பாதி நேரம் அதுதான். ஆனால் அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்தால் தமிழ்தான். பிசை, சலி, உருட்டு, பிழி, தோய், பதம், பாகு! இந்தச் சொற்களுக்கு நான் படம் காட்டிப் பாடம் நடத்தவில்லை. வேலையோடு சேர்ந்து வந்துவிட்டன.

தட்டு திரும்பி வரும்

டிசம்பர் 24 காலையில் தட்டுகளை வரிசையாக வைப்போம். ஒவ்வொரு தட்டிலும் 2 முறுக்கு, 2 அச்சு முறுக்கு, ஒரு கைப்பிடி கல்கல், 2 அதிரசம், ஒரு துண்டு கேக். மூடி, பக்கத்து வீடுகளுக்குக் கொண்டுபோவது நான்கு பிள்ளைகளின் வேலை. வீடுகளையும் முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள்.

எங்கள் தெருவில் புத்த மதத்தினர் இருக்கிறார்கள். முஸ்லிம்களும் இந்துக்களும் இருக்கிறார்கள். அக்டோபர் வாக்கில் வரும் 'தடின்ஜுட்' விளக்குத் திருவிழாவுக்கு ஒரு வீட்டிலிருந்து வரும். தீபாவளிக்கு ஒரு வீட்டிலிருந்து வரும். ரம்ஜானுக்கு ஒரு வீட்டிலிருந்து வரும். யாரும் தட்டை வெறுமையாகத் திருப்பித் தருவது இல்லை. இரண்டு வாழைப்பழமாவது வைத்துத்தான் தருவார்கள்.

இந்த வருஷம் தட்டு கொண்டுபோன இடத்தில் ஒரு பர்மியப் பாட்டி, "இதை யார் செஞ்சது?" என்று அதிரசத்தைக் காட்டிக் கேட்டாராம். ஒன்பது வயதுக்காரி பர்மியமொழியில்தான் பதில் சொன்னாளாம். ஆனால் 'அதிரசம்' என்ற பெயரையும் 'அப்பத்தா' என்ற சொல்லையும் மட்டும் தமிழிலேயே சொன்னாளாம். அந்தப் பாட்டி இரண்டு சொற்களையும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாராம்.

பேசிப் பார்ப்போம்

1. இந்த ஆண்டு திருவருகைக் காலம் எந்த நாளில் தொடங்கும்? காலண்டரைப் பார்த்துக் கண்டுபிடியுங்கள்.
2. முறுக்கு வெந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஏன் அப்படி?
3. உங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள் இருந்தால், 24 வேலைகளில் ஆளுக்கு எத்தனை வரும்?
4. பிசை, சலி, உருட்டு, பிழி, தோய்: ஒவ்வொரு சொல்லையும் வைத்து ஒரு வாக்கியம் சொல்லுங்கள். கையால் செய்தும் காட்டுங்கள்.
5. உங்கள் பாட்டி அல்லது தாத்தா எழுதி வைக்காமல் செய்கிற வேலை ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த வகுப்பில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.