கடைக்குள் ஓர் இருக்கை

பழைய சவுளிக்கடைகளில் வெள்ளைத் துணி விரித்த மெத்தையில் விற்பவர் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார். வாங்க வந்தவரும் எதிரே உட்காருவார். கவுண்டரும் பல மாடி ஷோரூமும் வந்தபின் விற்பவர் எழுந்து நின்றார். இன்றுவரை நின்றுகொண்டே இருக்கிறார். கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறங்கும்வரை, சாப்பாட்டு நேரம் போக, நிற்பதுதான் வேலை. ஆள் வராத மதியத்தில் அலமாரியில் சற்றுச் சாய்ந்தாலே சூப்பர்வைசர் முறைக்கும் கடைகள் இருக்கின்றன.

இதை மாற்ற 2021-இல் தமிழ்நாடு ஒரு சட்டத்திருத்தம் செய்தது. 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற புதுப் பிரிவு சேர்ந்தது. ஒவ்வொரு கடையிலும் எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை இருக்க வேண்டும். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ள முடிய வேண்டும். பிரிவு சொல்வது இவ்வளவுதான். நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் உரிமை அல்ல இது. புடவையை எடுத்து, விரித்து, தோளில் போட்டுக் காட்டும்போது நிற்கத்தான் வேண்டும். அந்த கஸ்டமர் போய் அடுத்தவர் வரும்வரை உள்ள பத்து நிமிடத்தைத்தான் சட்டம் ஊழியருக்குத் தருகிறது.

பத்து நிமிடத்தில் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஒரே இடத்தில் நின்றால் அந்தத் தசைக்கு வேலை இல்லை. ரத்தம் காலிலேயே தேங்குகிறது. வருடக்கணக்கில் இப்படி நின்றவர்களுக்குக் காலில் நீலமாக நரம்பு சுருட்டிக்கொள்ளும், மாலையில் பாதம் வீங்கும், இடுப்பு வலிக்கும். அவ்வப்போது உட்கார்ந்து எழுந்தால் இந்தச் சுமை குறைகிறது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் தியாகராய நகர்க் கடை ஒன்றில் நிற்கும் பெண்ணுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டுக்கு முன்பே, 2018-இல், கேரளம் இந்த உரிமையைச் சட்டமாக்கியது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளின் பெண் ஊழியர்களைத் திரட்டிப் போராடியவர் பி. விஜி என்ற தையல்காரர். அவர்கள் முதலில் கேட்டது கழிப்பறை. நாற்காலி பிறகுதான் வந்தது. இங்கிலாந்தில் 1899-லேயே, மூன்று பெண் ஊழியருக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். நாம் நூறு ஆண்டுக்கும் மேல் தாமதித்துவிட்டோம் என்பது எனக்கு வருத்தம்தான்.

இருக்கையோடு நேரமும் முக்கியம். அதே 1947 சட்டப்படி சாதாரண வேலை நேரம் நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்புச் சம்பளம் தர வேண்டும். வாரத்தில் ஒரு நாள் விடுப்பு உண்டு. அதற்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது.

ஒரு ஸ்டூலை மூலையில் போட்டுவிட்டு யாரையும் உட்காரவிடாமல் வைத்திருந்தால் அது சட்டத்தை மதித்ததாகாது. அவரவர் நிற்கும் செக்‌ஷனிலேயே இருக்கை இருந்தால்தான் பயன். இல்லாவிட்டால் அந்தப் பகுதியின் தொழிலாளர் உதவி ஆய்வாளரிடம் எழுதிக் கொடுக்கலாம். வேலை போய்விடும் என்ற பயத்தில் பலர் தயங்குகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. கடைக்குப் போகும் நாம் அவர்களுக்காகப் பேசலாம். பில் போடும் இடத்தில் முதலாளியோ மேலாளரோ இருந்தால் நேராகவே கேளுங்கள்: "அண்ணே, இந்தப் பிள்ளைகளுக்கு உட்கார ஸ்டூல் எங்கே?"