கிரனாடாவின் கடலும் மலையும்

கிரனாடா என்றதும் அல்ஹம்றா மாளிகை மட்டும்தானா உங்கள் நினைவுக்கு வருகிறது, சகோதரிகளே?

அதே மாகாணத்தின் கடற்கரையில் அல்முனேகார் என்றொரு பட்டினம் இருக்கிறது. அப்பாஸியரிடமிருந்து உயிர்தப்பிய உமையா இளவரசர் அப்துர் ரஹ்மான் கி.பி. 755இல் கரையிறங்கியது இங்கேதான். இன்று அவருக்கு அங்கே சிலையும் உண்டு. சுற்றிவர மாந்தோப்புகள், சீத்தாப்பழ இனத்துச் செரிமோயாவும் காய்க்கிறது. அரபிகள் கொண்டுவந்த கரும்பு 2006 வரை இக்கரையில் ஆலைக்குப் போனது.

கடலை விட்டு மேலே ஏறுங்கள். அல்பூஹாரா மலைக் கிராமங்கள் வரும். பனி உருகிய நீரை வயலுக்குக் கொண்டுபோகும் வாய்க்காலை அங்கே 'அஸெக்கியா' என்கிறார்கள். நம் காதுக்குப் பழகிய அரபுச் சொல்தான்: 'அஸ்ஸாகியா'! பலவந்தமாக மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்கள் 1568இல் இம்மலைகளில் கிளர்ந்தெழுந்தார்கள், தோற்றபின் விரட்டப்பட்டார்கள். புதிதாகக் குடியேறியவர்களுக்குத் தண்ணீர் பாய்ச்சக் கற்றுக்கொடுக்க, ஊருக்குச் சில குடும்பங்களை மட்டும் விட்டுவைத்ததாக அங்கே சொல்வார்கள். அந்த வாய்க்கால்கள் பலவற்றில் இன்றும் நீர் ஓடுகிறது.